ஒரு நடனப் போட்டி ஒழுங்காகவும் நியாயமாகவும் நடக்க என்னென்ன வேண்டும்?

பரிசு வாங்காமல் வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு, தனக்கு ஏன் பரிசு கிடைக்கவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் அளவுகோல். கேள்வி கேட்டவர், தன் மகளை ஒரு போட்டியில் சேர்க்கும் முன் அது சரியாக நடக்கும் போட்டிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கேட்டிருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மும்பை செம்பூரில் வளர்ந்தவள். ஏழு வயதில் பரதநாட்டியம் கற்கத் தொடங்கிப் பள்ளி முடியும்வரை போட்டிகளில் ஆடினேன். இப்போது பதினொரு வருடமாக, எங்கள் பகுதித் தமிழ் அமைப்பு ஒன்று நடத்தும் வருடாந்திரப் போட்டியில் மதிப்பெண் மேசையில் உட்காருகிறேன். நடுவர்களின் தாள்களை வாங்கிக் கூட்டிப் போடுவது என் வேலை.

பன்னிரண்டு வயதில் ஒரு போட்டியில் ஜதீஸ்வரம் ஆடிக்கொண்டிருந்தபோது கேசட் சிக்கிக்கொண்டது. பாட்டு நின்றதும் நானும் நின்றுவிட்டேன். மேடைக்குப் பக்கத்திலிருந்த ஒருவர் "போதும், வாம்மா" என்று கூப்பிட்டுவிட்டார். பிற்பகலில் இன்னொரு பெண்ணுக்கும் இதே போல ஆனது. அவளுக்கு முதலிலிருந்து ஆட வாய்ப்புக் கொடுத்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை. பாட்டு நின்றால் என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். எழுதி வைக்காத இடத்தில் அந்தந்த நேரத்து மனநிலைதான் விதியாகிவிடுகிறது. எங்கள் போட்டியில் அதற்கு இப்போது ஒரு வரி இருக்கிறது: பாட்டு எந்தக் காரணத்தால் நின்றாலும், அடுத்த இருவர் ஆடி முடித்தபின் அந்தப் பிள்ளை முதலிலிருந்து ஆடலாம், முன்பு ஆடியது கணக்கில் வராது. பென் டிரைவில் கோளாறா, எங்கள் ஒலிபெருக்கியில் கோளாறா என்று மேடையோரத்தில் வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை.

இதைப் போலத்தான் ரயிலும். ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்தால் மும்பையில் மெகா பிளாக் இருக்கும், அதாவது பராமரிப்பு வேலைக்காகப் புறநகர் ரயில்களைச் சில மணி நேரம் நிறுத்திவைப்பார்கள். ஹார்பர் லைனில் வாஷியிலிருந்து வரும் குடும்பம், முழு ஒப்பனையோடு குழந்தையை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் மாட்டிக்கொள்ளும். தாமதமாக வருபவர் தன் பிரிவு முடிவதற்குள் வந்துவிட்டால் கடைசியாக ஆடலாம் என்று எழுதி வைத்தோம். முன்பெல்லாம் அமைப்பாளருக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைத்த சலுகை, இப்போது எல்லோருக்கும் உரிமை.

சரி, நடுவர்கள். 1945-இல் மாதுங்காவில் தொடங்கிய ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் என்ற நடனப் பள்ளியின் காலத்திலிருந்தே மும்பையில் பரதநாட்டியத்தின் தஞ்சாவூர் வழி, அதாவது தஞ்சாவூர்ப் பாணி, வேரூன்றியிருக்கிறது. அப்புறம் கலாக்ஷேத்ரா வழி, வழுவூர் வழி, பந்தநல்லூர் வழி என்று எல்லாமும் வந்தன. கற்பவர்களில் மராட்டி, குஜராத்தி, மலையாளப் பிள்ளைகளும் நிறைய. ஆனால் ஆசிரியர் வட்டம் சின்னது. ஒருவர் நடுவராக உட்கார்ந்தால் எதிரே ஆடுபவர்களில் இரண்டு பேராவது அவருடைய மாணவியாகவோ, அவரிடம் படித்தவரின் மாணவியாகவோ இருப்பார்கள்.

பெயருக்குப் பதிலாக எண் கொடுப்பது முதல் படி. தொகுப்பாளர் "அடுத்து வருபவர் இன்ன குருவின் சிஷ்யை" என்று ஒலிபெருக்கியில் சொன்னால் அந்த எண்ணால் பயனே இல்லை. அதனால் எங்கள் தொகுப்பாளர் எண்ணையும், ஆடப்போகும் உருப்படியின் (நடன வகையின்) பெயரையும் மட்டும் சொல்வார். ஆனாலும் தன் மாணவியை மேடையில் பார்த்து அடையாளம் தெரியாத ஆசிரியர் உண்டா? ஆகவே போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே, தனக்குத் தொடர்புள்ள மாணவிகள் எந்த வயதுப் பிரிவில் இருக்கிறார்கள் என்று நடுவர்களிடம் எழுத்தில் கேட்கிறோம். அந்தப் பிரிவுக்கு அவரை உட்கார வைப்பதில்லை. எல்லாப் பிரிவிலும் தொடர்பு இருக்கிறதென்றால் புணேயிலிருந்து ஒருவரைக் கூப்பிடுகிறோம். ரயில் டிக்கெட்டும் சன்மானமும் கூடுதல் செலவுதான், நினைவுக் கோப்பையின் உயரத்தைக் குறைத்தால் சமாளித்துவிடலாம்.

பாணி விஷயம் இன்னும் நுட்பமானது. பந்தநல்லூர் வழியில் ஊறிய ஒருவருக்கு வழுவூர் வழியின் குழைவு, தளர்வாகத் தெரியலாம். அவருடைய பார்வையில் அது நேர்மையான தீர்ப்புதான். ஆகவே மூன்று நடுவரும் ஒரே பாணியாக இருக்கக் கூடாது. அரைமண்டி (முழங்காலை மடித்து நிற்கும் நிலை) இறங்கியிருக்கிறதா, கால் தட்டு தாளத்தில் விழுகிறதா, காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) கடைசிவரை நிற்கிறதா, கை போன இடத்துக்குக் கண் போகிறதா என்று எந்தப் பாணிக்கும் பொருந்தும் கேள்விகளாக மதிப்பெண் தாளைப் பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் வந்தபோது, தெருவில் பிறந்த அந்த ஆட்டத்துக்கே ஒன்பது நடுவர்களை உட்கார வைத்து, நுட்பம், அசைவுகளின் வளம், ஆடிக் காட்டிய தெளிவு, இசையோடு பொருந்துவது, தனித்தன்மை என்று ஐந்து அளவுகோல் வைத்தார்கள். எங்கள் திரையிசை நடனப் பிரிவுக்கு அதைப் பார்த்துத்தான் தாள் தயாரித்தோம். முன்பு அந்தப் பிரிவில் கைதட்டல் எந்தப் பக்கம் அதிகமோ பரிசும் அந்தப் பக்கம் போகும்.

தாளிலிருந்து நான் போராடி எடுத்தது ஒன்று உண்டு: ஆடை அலங்காரத்துக்கு இருந்த 10 மதிப்பெண். தாராவியிலிருந்து ஒரு பெண் வருவாள். வாடகை உடை, தோளில் கொஞ்சம் பெரியது, அம்மா ஊக்கு குத்திச் சரிசெய்திருப்பார். பக்கத்தில் இன்னொரு குழந்தை அளவெடுத்துத் தைத்த பட்டும் கோயில் நகைகளுமாக நிற்கும். இரண்டு பேரும் தட்டடவு என்ற அடிப்படை அடவை ஒரே சுத்தமாகப் போட்டாலும் முதல் பெண்ணுக்கு நாலு, இரண்டாவது குழந்தைக்கு ஒன்பது. அந்த ஐந்து மதிப்பெண்ணை எந்தப் பயிற்சியால் ஈடுகட்ட முடியும்? சலங்கை இறுகக் கட்டியிருக்கிறதா, உடை கால் தடுக்காமல் இருக்கிறதா என்பதை மேடை ஒழுக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு இரண்டு வருடம் எங்கள் குழுவில் எதிர்ப்பு இருந்தது. அழகுணர்ச்சியும் கலையின் பகுதிதானே என்றார்கள். பகுதிதான், ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் அழகுணர்ச்சி அதன் அப்பாவின் சம்பளத்தில் இருக்கக் கூடாது.

ஆடும் வரிசையைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. பெல்ஜியத்தில் நடக்கும் குயின் எலிசபெத் இசைப் போட்டியின் முடிவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், வரிசையைக் குலுக்கலில்தான் எடுத்தார்கள் என்றாலும் முதல் நாள் வாசித்தவர்களுக்கு மேலிடம் கிடைக்கும் வாய்ப்புக் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். அந்தத் தரத்து நடுவர்களுக்கே அப்படி. நம் நடுவரும் முதல் எண்ணுக்கு 70 போட்டுவிட்டு "மேலே இடம் வைத்துக்கொள்வோம்" என்று நினைப்பார், அது இயல்பு. குலுக்கலைப் பெற்றோர் முன்னிலையில் எடுப்பது சந்தேகத்தைத் தீர்க்கும், இந்தச் சாய்வைத் தீர்க்காது. நாங்கள் ஒரு வழி செய்கிறோம். ஒவ்வொரு பிரிவிலும் போட்டியில் இல்லாத ஒரு மூத்த மாணவி முதலில் ஆடுவாள். நடுவர்கள் அவளுக்கு மதிப்பெண் போட்டு, தங்களுக்குள் தாளை ஒப்பிட்டுப் பார்த்து, அளவைச் சரிசெய்துகொள்வார்கள். பிறகுதான் எண் ஒன்று. பன்னிரண்டு பேருக்கு ஒருமுறை டீ, பத்து நிமிடம். தொடக்க உருப்படியான அலாரிப்பை இருபதாவது முறை பார்க்கும் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

உருப்படியும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பிள்ளை அலாரிப்பு ஆட, இன்னொரு பிள்ளை வர்ணம் என்ற நீண்ட, கடினமான உருப்படியிலிருந்து வெட்டி ஒட்டிய ஐந்து நிமிடத்தை ஆடினால் எதை எதோடு ஒப்பிடுவது? வயதுக்கு ஏற்ற உருப்படிகளை அறிவிப்பிலேயே சொல்லிவிடலாம். தரை மரமாக இருந்தால் நல்லது, கருங்கல் தரையில் மணிக்கணக்கில் தட்டினால் குதிகால் போய்விடும். அதற்காக மேலே கம்பளம் விரித்தால் வழுக்கும், தட்டின் ஓசையும் கேட்காது. எட்டு வயதுக்குட்பட்டோரைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். ஒப்பனை அறைக்குள் பெண்கள் மட்டும், கேமரா கூடாது.

இனி என் மேசை. மூன்று நடுவர்களின் மதிப்பெண்ணைக் கூட்டினால் நியாயம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு கணக்குப் பாருங்கள். ஏழாம் எண்ணுக்கு 82, 80, 55. பதினோராம் எண்ணுக்கு 76, 75, 78. கூட்டினால் 217, 229. பதினோராம் எண் வெற்றி. ஆனால் மூன்றில் இரண்டு நடுவர்கள் ஏழாம் எண்தான் மேல் என்று சொல்லியிருக்கிறார்கள். தாராளமாக ஏற்றி இறக்கிப் போடும் ஒரே நடுவரின் கையில் முடிவு போய்விட்டது. அவருக்கு உள்நோக்கம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பால்ரூம் நடனப் போட்டிகளில் நெடுங்காலமாக, ஒவ்வொரு நடுவரும் யாரை எந்த இடத்தில் வைத்தார் என்று பார்த்து, பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதை எடுக்கும் முறை இருக்கிறது. நாங்கள் அதற்கு மாறினோம். இன்னொரு வழி, ஐந்து நடுவர்களை வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் உச்ச மதிப்பெண்ணையும் அடி மதிப்பெண்ணையும் நீக்குவது. மூன்று நடுவர்களை வைத்துக்கொண்டு இதைச் செய்யக் கூடாது, கடைசியில் ஒருவரின் தாள் மட்டுமே மிஞ்சும்.

ஆறு வருடங்களுக்கு முன்பு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் மூன்று மதிப்பெண் தாள்களின் நகலைக் கொடுக்கத் தொடங்கினோம், நடுவர் குறிப்போடு. சண்டை வரும் என்று பயந்தார்கள். வந்தது. முதல் வருடமே ஒரு தாத்தா கூட்டிப் பார்த்துவிட்டு மேசைக்கு வந்தார். அவர் பேத்தியின் தாளில் 76-ஐ நான் 67 என்று எழுதியிருந்தேன். மூன்றாம் பரிசு அவளுக்கு வந்திருக்க வேண்டும், அது வேறொரு குழந்தையின் கையில் போய்விட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. 2002-இல் சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில், ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியில் ஒரு நடுவர் மீது குற்றச்சாட்டு எழுந்தபோது, கனடா ஜோடிக்கும் தங்கம் கொடுத்தார்கள், ரஷ்ய ஜோடியிடமிருந்து பதக்கத்தைத் திரும்ப வாங்கவில்லை. பிறகு பழைய மதிப்பெண் முறையையே மாற்றினார்கள். நாங்களும் இரண்டாவதாக ஒரு மூன்றாம் பரிசு செய்து, அவள் வீட்டுக்குப் போய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். ஏற்கெனவே வாங்கிய குழந்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடத்திலிருந்து இரண்டு பேர் தனித்தனியாகக் கூட்டி, இரண்டும் ஒத்துப்போனால்தான் முடிவு மேடைக்குப் போகும். தாளைக் காட்டாமல் இருந்திருந்தால் அந்தத் தவறு எனக்கே தெரிந்திருக்காது.

தாராவிப் பெண்ணின் தாளில் ஒரு நடுவர், "இடது கால் தட்டு வலதைவிட லேசாக விழுகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலை மட்டும் பழகு" என்று எழுதியிருந்தார். அவளுக்கு அந்த வருடம் பரிசு இல்லை. அந்தத் தாளை மடித்துச் சலங்கைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

இனி உங்கள் மகள் விஷயம். நுழைவுக் கட்டணம் கட்டும் முன் அமைப்பாளருக்கு ஒரு போன் போடுங்கள். நடுவர்களின் மாணவிகள் அதே பிரிவில் ஆடுகிறார்களா, பாட்டு நின்றால் என்ன செய்வீர்கள், முடிவு வந்தபின் மதிப்பெண் தாள் கிடைக்குமா என்று கேளுங்கள். முதல் கேள்விக்குத் தயங்கினால்கூடப் பரவாயில்லை, சின்ன வட்டத்தில் அது கஷ்டம்தான். மூன்றாவது கேள்விக்கு "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்று மட்டும் பதில் வந்தால், என் மகளாக இருந்தால் நான் அனுப்ப மாட்டேன்.