யார் கொடுத்து வைத்தவர்?

கேள்வி: ஹனிமூனுக்கு மாலத்தீவு போய்வந்த என் தம்பி, "அந்த ஊர்க்காரன் கொடுத்து வைத்தவன், கடலைக் காட்டியே டாலரை அள்ளுகிறான்" என்கிறான். உண்மைதானா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: போன இடத்தில் எத்தனை மாலத்தீவுக்காரர்களிடம் பேசினார் என்று தம்பியைக் கேளுங்கள். அறையைக் கூட்டியவர் வங்கதேசத்துக்காரர், பரிமாறியவர் இலங்கைக்காரர், கணக்குப் பார்த்தவர் மலையாளி என்று இருந்தால் ஆச்சரியமில்லை. அங்கே ஏற்பாடே அப்படி. ஆளில்லாத தீவை ரிசார்ட்டுக்குக் குத்தகைக்கு விடுவார்கள். மது, பன்றிக்கறி, நீச்சலுடை எல்லாம் அங்கே உண்டு. ஊர்ச்சனம் வாழும் தீவில் மதுவுக்கும் பன்றிக்கறிக்கும் தடை. வெள்ளைக்காரன் ஊர்க்காரன் கண்ணில் பட வேண்டாம், டாலர் மட்டும் வந்தால் போதும்!

காசு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். மீனை நம்பிப் பிழைத்த நாடு அது. முதல் ரிசார்ட்டான குரும்பா திறந்தது 1972-இல். இன்று தலைக்கு வருமானத்தில் தெற்காசியாவிலேயே முதலிடம். சுமார் 5 லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு 2024-இல் 20 லட்சம் பேருக்கு மேல் சுற்றுலா வந்தார்கள்.

சரி, அந்த டாலர் எங்கே? தலைநகர் மாலேயில் வங்கி விலை டாலருக்கு 15.42 ரூஃபியா (அந்த ஊர்ப் பணம்), கேட்ட அளவுக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கத் திருவனந்தபுரம் கூட்டிவருகிற மாலத்தீவுக்காரர் (அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் இவர்களை நிறையப் பார்க்கலாம்) கள்ளச்சந்தையில் கூடுதல் கொடுத்துத்தான் டாலர் வாங்குகிறார். ரிசார்ட் வசூல் வெளிநாட்டுக் கணக்கில் கிடந்தால் உள்ளூரில் தட்டுப்பாடு வராமல் என்ன செய்யும்? வசூலில் ஒரு பகுதியை உள்ளூர் வங்கியில் மாற்றியே ஆக வேண்டும் என்று கடைசியில் சட்டம் போட வேண்டியதாயிற்று. உள்ளே வந்த டாலரும் தங்குவதில்லை. மீன் தவிர தம்பி தட்டில் இருந்தது பெரும்பாலும் கப்பலிலோ விமானத்திலோ வந்ததுதான்.

தீவைக் குத்தகைக்கு விடுகிற அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, நிஜமாகவே கொடுத்து வைத்தவர் அவர்தான். 2014, 2015-இல் தீவுகளை டெண்டர் இல்லாமலே தூக்கிக் கொடுத்து, வந்த பணத்தைச் சுருட்டிய ஊழல் வெடித்தது. அப்போது சுற்றுலா அமைச்சராக இருந்து பிறகு துணை ஜனாதிபதியான அகமது அதீப் அந்த வழக்கில் தண்டனை பெற்றார்.

ரிசார்ட் வேலை என்றால் மாதக்கணக்கில் வேறு தீவில் தங்க வேண்டும். பெண் பிள்ளைகளை அனுப்ப வீட்டில் சம்மதிப்பதில்லை. அதனால் அங்கே உள்ளூர்ப் பெண்கள் மிகக் குறைவு.

ஊர்க்காரன் கைக்கு நேரடியாகக் காசு வந்தது, ஜனாதிபதி நஷீத் ஆட்சியில், 2010 வாக்கில், ஊர்த் தீவுகளிலும் விடுதி நடத்தலாம் என்று அனுமதித்த பிறகுதான். சிறைச்சாலைக்குப் பேர்போன மாஃபுஷி என்ற ஊர்த் தீவில் இன்று வீதிக்கு வீதி விடுதி. இதிலும் தலைவலி இல்லாமலில்லை. பயணிகள் நீச்சலுடையில் குளிக்க ஊர்க்கடற்கரையில் தனியாக ஒரு துண்டை ஒதுக்க வேண்டியிருக்கிறது. குப்பையும் சேர்ந்துகொண்டே போகிறது. தலைநகரக் குப்பையையும் ரிசார்ட் குப்பையையும் கொட்டவென்றே 1992-இல் திலஃபுஷி என்று ஒரு தீவை உண்டாக்கிய நாடு அது.

அடுத்த முறை தம்பியை மாஃபுஷியில் தங்கச் சொல்லுங்கள். பீர் கிடைக்காது. காலையில் சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பிசைந்த மாஸ் ஹுனி, ரொட்டியோடு கிடைக்கும். அப்புறம், கொடுத்து வைத்தவரா இல்லையா என்று விடுதிக்காரரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.