ஓடுகிற லைனை விலை கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது, வியாசர்பாடியில் வீடு. எட்டு வருடம் கூரியர் வேலை பார்த்தேன். இப்போது சொந்தமாக நொறுக்குத்தீனி லைன் போட, அதாவது வண்டியில் கடை கடையாகப் போய்ச் சரக்குப் போட ஆசை. எங்கள் ஏரியாவில் ஒருவர் ஊருக்குப் போவதால் தன் லைனை இந்த மார்ச்சில் விற்கிறார். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு எல்லாம் சேர்த்து 140 கடை. தினம் 9,000 ரூபாய் விற்பனை, மாதம் 30,000 கையில் நிற்கும் என்கிறார். டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி, 40,000 ரூபாய்ச் சரக்கு, கடைகளில் நிற்கும் 80,000 ரூபாய் பாக்கி, கடைகளின் பெயரும் பாக்கியும் எழுதிய நோட்டு எல்லாவற்றுக்கும் 2,25,000 கேட்கிறார். என்னிடம் 1,50,000 இருக்கிறது, மீதியை மனைவியின் நகையை வைத்துப் புரட்டலாம். ‘ஏப்ரலுக்குள் முடியுங்கள், லைசென்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் 12,000 ரூபாயில் நானே எடுத்துத் தருகிறேன்’ என்கிறார் இடையில் இருக்கும் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: முதலில் நகையை வைக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அவர் விற்பது என்ன என்று கொஞ்சம் யோசியுங்கள். வண்டி அவருடையது, விற்கலாம். சரக்கும் அவருடையது. 140 கடையை எப்படி விற்பார்? அந்தக் கடைக்காரர்கள் அவரிடம் எடுப்பதற்கு ஒரே காரணம், செவ்வாய்க்கிழமை பத்து மணி என்றால் பத்து மணிக்கு அவருடைய எக்ஸ்எல் வாசலில் வந்து நிற்கிறது. நாளைக்கு நீங்கள் அதே நேரத்துக்கு நின்றால் உங்களிடம் எடுப்பார்கள். இரண்டு வாரம் நீங்கள் வராவிட்டால் அடுத்த எக்ஸ்எல்லில் எடுத்துக்கொள்வார்கள். ‘இவருக்கு விற்றுவிட்டேன்’ என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தாலும், கொருக்குப்பேட்டைப் பெட்டிக்கடை அக்காவை அந்தத் தாள் கட்டுப்படுத்தாது.

நானும் தொழிலுக்கு வந்த புதிதில் திருவொற்றியூர் பக்கம் ஒரு நோட்டை விலைக்கு வாங்கியவன்தான். 90 கடை என்று எண்ணிப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். முதல் வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் பதினொரு கடை நிரந்தரமாக மூடிக் கிடந்தது. ஒரு கடை மெடிக்கல் ஷாப்பாக மாறியிருந்தது. இன்னொரு கடைக்காரர், ‘அவனா? அவன்தான் எனக்கு 400 ரூபாய் தரணும்’ என்றார். நோட்டில் அவர் பெயருக்கு நேரே 650 பாக்கி என்று இருந்தது.

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். தினம் 9,000 என்றால் மாதம் 26 நாளைக்கு 2,34,000. அதில் 30,000 என்பது நூற்றுக்கு 12, 13 ரூபாய். அவர் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். செலவு எதையும் அவர் கழிக்கவில்லை. ரிட்டர்னை, அதாவது கடையிலிருந்து திரும்பி வரும் சரக்கை, நூற்றுக்கு மூன்று என்று குறைத்தே வைத்தாலும் 7,000 போய்விடும். தேதி முடிந்தது, எலி கடித்தது, காற்று இறங்கி நமுத்தது என்று எல்லாம் உங்கள் தலையில்தான் வந்து விழும். பெட்ரோல் நாளைக்கு 150 வீதம் 3,900. சரக்கு வைக்க ஒரு ரூம் 3,500. வண்டி சர்வீஸ், பஞ்சர், சாக்கு, கயிறு 1,000. இதெல்லாம் என் உத்தேசக் கணக்கு, உங்கள் தெருவில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மிச்சம் 14,600. கூரியரில் இதைவிடக் கூடுதலாக வாங்கியிருப்பீர்கள்.

அடுத்தது பாக்கி. ஒரு கடைக்கு வாரம் ஒரு முறை போகிறார், வாரத்துக்கு ஆறு நாள், மொத்த விற்பனை 54,000. ‘பில் டு பில்’ முறையில், அதாவது பழைய பில்லை அடைத்தால்தான் புதுச் சரக்கு என்று ஒழுங்காக நடத்துகிற லைனில், வெளியே நிற்கும் பணம் ஒரு வார விற்பனைக்கு மேல் போக முடியாது. இவருக்கு 80,000 நிற்கிறது. மேலே இருக்கும் 26,000 என்ன? வராத பணம். மூடிப்போன கடை, கைமாறிய கடை, ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ கடை. அதைத்தான் உங்களிடம் முழு விலைக்குத் தள்ளப் பார்க்கிறார்.

இன்னொன்றும் நடக்கும். பாதிக் கடைக்காரர்கள் இப்போது போனில்தான் பணம் போடுகிறார்கள். அவர்கள் போனில் இருப்பது பழைய ஆளின் நம்பர். லைன் கைமாறிய பிறகும் பழக்கத்தில் அந்த நம்பருக்கே போட்டுவிட்டு உங்களிடம் ‘போட்டாச்சு’ என்பார்கள். ஊருக்குப் போனவரிடமிருந்து அந்த 300, 400 ரூபாய்களை வாங்கிப் பாருங்கள், தெரியும்.

ஏன் மார்ச்சில் விற்கிறார், ஏன் ஏப்ரலுக்குள் முடிக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டீர்களா? காசிமேடு இந்த லைனில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. துறைமுகத்தைச் சுற்றியுள்ள டீக்கடை, பெட்டிக்கடைகளில் விற்பனை படுத்துவிடும். ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், ஏலம் எடுப்பவர் என்று விடிகாலையில் டீயும் முறுக்குமாக நிற்கும் கூட்டம் பாதியாகிவிடும். அதே நேரத்தில் பள்ளிக்கூடங்களுக்கும் லீவு. பள்ளிக்கூட வாசல் கடையில் 5 ரூபாய் பாக்கெட் சரம் அப்படியே தொங்கும். ஜனவரி, பிப்ரவரி நோட்டைக் காட்டி மார்ச்சில் விற்றால், அதன் ஏப்ரல், மே மாதங்களை நீங்கள்தான் பார்ப்பீர்கள். அவரை மோசக்காரர் என்று சொல்லவில்லை, ஊருக்குப் போக அவருக்கு நிஜமான காரணமே இருக்கலாம். புரோக்கருக்கு அந்தச் சலுகையைத் தர மாட்டேன். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவருக்கு இந்த மாதக் கணக்கெல்லாம் அத்துப்படி.

அதனால் இந்த விலைக்கு வாங்காதீர்கள். ஆனால் ஒரு விதமாக வாங்கலாம், அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். 2,25,000ஐ நான்காகப் பிரியுங்கள். வண்டிக்குத் தனி விலை. மெக்கானிக்கிடம் காட்டுங்கள், ஆர்சி உங்கள் பெயருக்கு மாறிய பிறகு பணம் கொடுங்கள், அபராதம் ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள். 30,000 பெறும் என்று வைத்துக்கொள்வோம். சரக்கைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துத் தேதி பாருங்கள். இன்னும் நாற்பது, ஐம்பது நாள் ஆயுள் உள்ளதை மட்டும் அவருடைய கொள்முதல் பில் விலைக்கு எடுங்கள், மற்றது அவருக்கே. பாக்கிக்கு முன்பணம் ஒரு ரூபாய்கூட வேண்டாம். முழுதாக இரண்டு சுற்று, அதாவது பன்னிரண்டு நாள், அவர் உங்களோடு வண்டியில் வர வேண்டும். ஒவ்வொரு கடையிலும் ‘இனிமேல் இவர்தான்’ என்று வாயால் சொல்ல வேண்டும், கடைக்காரர் போனில் நம்பரை மாற்ற வேண்டும், பாக்கி எவ்வளவு என்று கடைக்காரரே சொல்ல வேண்டும். அந்தப் பாக்கி வசூலாக வசூலாக அவருக்குக் கொடுங்கள். நின்றுபோனது அவருடைய நஷ்டம். இந்த மூன்றும் போக மிஞ்சுகிற 75,000, ‘ஓடுகிற லைன்’ என்ற வெறும் பெயருக்கான காசு. அதை நான் தரவே மாட்டேன். கட்டாயம் கேட்டால் மூன்று மாதம் கழித்து, எத்தனை கடை நிலைத்திருக்கிறதோ அத்தனைக்குக் கடைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். இதோடு, அவர் ஏதாவது ஒரு கம்பெனியின் டீலர் என்றால், அந்தக் கம்பெனி உங்கள் பெயருக்கு ஏரியாவை மாற்றி எழுத்தில் தர வேண்டும். ரிட்டர்ன் எடுப்பார்களா, எத்தனை நாளில், எவ்வளவு என்பதும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும். இத்தனைக்கும் அவர் ஒத்துக்கொண்டால் நல்ல மனிதர், வாங்குங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது அந்த 12,000 ரூபாய் புரோக்கர் சேவை. ஜிஎஸ்டி பதிவுக்கு அரசு கட்டணமே வாங்குவதில்லை. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். இந்த லைன் சொன்னபடியே ஓடினாலும் ஆண்டுக்கு 28 லட்சம்தான். தினம் 13,000 தாண்டும்போது அதைப் பற்றிக் கவலைப்படலாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி மட்டும் கட்டாயம் வேண்டும், எக்ஸ்எல்லில் விற்றாலும் வேண்டும். பழைய ஆளின் எண் உங்களுக்கு உதவாது. சிறு வியாபாரிக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் என்றுதான் வெகுகாலமாக இருந்தது. விற்பனை பெருகினால் பதிவு போதாது, உரிமமாக மாற்ற வேண்டும். ஆதார், போட்டோ, இருப்பிடச் சான்று இருந்தால் போதும், நீங்களே ஆன்லைனில் போடலாம்.

போடலாம் என்று நான் சொல்லிவிட்டேன். நடைமுறை வேறு. ஒரு முறை என் விண்ணப்பம் வாடகை ஒப்பந்தம் தெளிவாக இல்லை என்று திரும்பியது. மறுபடி போட்டேன், முகவரியில் கதவு எண்ணுக்குப் பழையது புதியது என்று ஒரு சந்தேகம் வந்து திரும்பியது. நேரில் போனால் ‘ஆன்லைனில்தான் சார்’ என்றார்கள். ஆன்லைனில் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. நூறு ரூபாய் வேலைக்கு மூன்று நாள் லைனை விட்டேன். இப்படி அலைக்கழித்தால் சின்ன வியாபாரி புரோக்கரிடம் போகாமல் எங்கே போவான்? உங்களுக்கு முடியவில்லை என்றால் பக்கத்து இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ சில நூறு கொடுத்துப் போடுங்கள். உங்கள் போன் நம்பரையே கொடுங்கள், புரோக்கர் நம்பரைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ஓடிபிக்கு அவரிடம் கையேந்த வேண்டும்.

பில் இல்லாத சரக்கைத் தொடாதீர்கள். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்புத் துறை தரும் 14 இலக்க எண், தயாரித்த தேதி, பேட்ச், முகவரி, எடை, விலை எல்லாம் இருக்க வேண்டும். தேதி முடிந்ததை விற்றாலும், யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாததை விற்றாலும் விநியோகிப்பவரும் பொறுப்பு என்று 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. தயாரித்தவன் ஓடிவிட்டால் மாட்டுவது நீங்கள்தான். பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி சாயம் இருக்கிறது என்று 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தடை போட்டார்களே, கண்ணைப் பறிக்கும் சிவப்பில் வரும் வேறு தின்பண்டங்களைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. அப்புறம், சில கடைகளில் ‘அண்ணே, அந்தப் பொருள் இருக்கா?’ என்று காதில் கேட்பார்கள். 2013 முதல் தடையில் இருக்கும் குட்காவைத்தான் கேட்கிறார்கள். லாபம் பெரிசு என்று எவனாவது உங்கள் சாக்கில் வைத்துவிடப் பார்ப்பான். வைத்தால் வண்டியும் போகும், பெயரும் போகும்.

என்னைக் கேட்டால், 1,50,000ஐ வைத்து 40 கடையோடு நீங்களே புதிதாகத் தொடங்கலாம். வண்டி 30,000, சரக்கு 35,000, கடைகளில் கடன் நிற்க 20,000. மீதியைத் தொடாதீர்கள். வியாசர்பாடி, சர்மா நகர், எம்.கே.பி. நகர், எருக்கஞ்சேரி, கொடுங்கையூர் என்று தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே சுற்றுங்கள். அவருடைய லைன் போல தண்டவாளத்தைத் தாண்டிப் போனால், கேட்டில் ஒரு சரக்கு ரயில் நின்றாலே நாலு கடை தவறும். மழையில் சுரங்கப்பாதை நிரம்பினால் அன்றைய தினமே போச்சு. கூரியரில் சுற்றியவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாரும் வைத்திருக்கும் சிப்ஸோடு, மற்ற எக்ஸ்எல்லில் இல்லாத இரண்டு சரக்கு வையுங்கள். சாத்தூர் சேவு, கோவில்பட்டி கடலை மிட்டாய் போல, ஊரிலிருந்து பார்சல் லாரியில் வரவழைக்கலாம். அதைக் கேட்டுத்தான் டீக்கடைக்காரர் உங்களை எதிர்பார்ப்பார். கடைக்குள் போனதும் புதுச் சரக்கை நீட்டாமல், முதலில் பழையதைப் புரட்டித் தேதி பார்த்து, முடியப்போவதை நீங்களே எடுத்துவிடுங்கள். பத்து ரூபாய் நஷ்டம்தான், அவர் அடுத்த வாரம் தைரியமாக இரண்டு சரம் கூட எடுப்பார். சரக்கு வைக்கும் ரூம் தரைத்தளமாக இருந்தால் பலகை அடித்து முட்டிக்கு மேலே அடுக்குங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் தரையில் வைத்த பெட்டிகள் என்ன ஆயின என்று உங்கள் தெருவிலேயே சொல்வார்கள். 40 கடையும் இரண்டு மாதம் பில் டு பில்லில் நின்றால் அடுத்த இருபதைச் சேருங்கள். இரண்டாவது வண்டி, சம்பள ஆள் எல்லாம் 100 கடைக்குப் பிறகு.

விற்பவரிடம், ‘ஏப்ரல் கடைசி வாரம் உங்களோடு ஒரு சுற்று வருகிறேன், அப்புறம் விலை பேசலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். மாட்டேன் என்றால் நல்லதாகப் போச்சு. அட்வான்ஸ் ஏதாவது கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் இன்றைக்கே ரசீது வாங்குங்கள், அதில் புரோக்கர் கையெழுத்தும் இருக்கட்டும்.