உடைந்த கான்கிரீட்டோடு வந்த மகளுக்கு எந்தப் படிப்பு?

போன வாரம் ஒரு அப்பாவும் அம்மாவும் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று ஆலோசனை கேட்டு, அவளோடு என்னிடம் வந்திருந்தார்கள். பிளஸ் டூ முடித்த பெண். அப்பாவின் போனில் பெரியப்பா அனுப்பிய கல்லூரிப் பட்டியல் இருந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ், டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவு, இவ்வளவுதான். "இவ சிவில்தான் வேணுங்கிறா மேடம். பிளாஸ்டிக் குப்பையில கான்கிரீட் செய்யப் போறாளாம். சொந்தக்காரங்க எல்லாம் சிரிக்கிறாங்க" என்று சொல்லும்போதே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பதற்றத்தோடு வருகிறவர்களிடம் வழக்கமாகச் சொல்வதைத்தான் நானும் முதலில் சொன்னேன். பயப்படாதீர்கள், எந்தத் துறையிலும் நன்றாகப் படிக்கிறவர்களுக்கு வழி உண்டு என்றேன். அதற்குள் அந்தப் பெண் துணிப்பையிலிருந்து செங்கல் அளவில் ஒரு கான்கிரீட் கட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவளே வீட்டில் வார்த்தது. கீழே போட்டதில் இரண்டாகப் பிளந்திருந்தது, ஆனால் துண்டுகள் பிரியவில்லை. தண்ணீர் பாட்டிலிலிருந்து கத்தரித்துப் போட்ட பிளாஸ்டிக் பட்டைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தன. விரிசலுக்குள் கட்டைவிரலை விட்டு ஒரு பட்டையைத் தடவிக் காட்டினாள். "பாருங்க மேடம், சிமெண்ட் இதுல ஒட்டவே இல்ல. வழவழன்னு அப்படியே இருக்கு. ஏன்?"

ஆறுதல் சொல்வதை அங்கேயே நிறுத்திவிட்டேன். பிளாஸ்டிக் கான்கிரீட்டின் மையச் சிக்கலே அதுதான். பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் பிடிக்காது. சிமெண்டோ தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. அதனால் இரண்டும் சந்திக்கும் இடம் பலவீனமாகிவிடுகிறது. மணலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கை அதிகமாகச் சேர்க்கச் சேர்க்க, கான்கிரீட் தாங்கும் அழுத்தம் பொதுவாகக் குறைந்துகொண்டே போகும். அதே சமயம், உடையும்போது சட்டென்று சிதறாமல் பிடித்து நிற்கும் குணம் பல நேரங்களில் கூடுகிறது. இந்த இரண்டையும் பதினேழு வயதுப் பெண் யாரும் சொல்லித்தராமல், உடைந்துபோன தன் கட்டியிலேயே பார்த்துவிட்டாள். இவளை நாலு வருடம் பிடிக்காத ஒரு பாடத்தில் உட்காரவைக்கப் போகிறீர்களா என்று அப்பாவிடம் நேராகவே கேட்டேன்.

கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றி இங்கே நான் விளக்கப் போவதில்லை. அதைச் சொல்ல வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறது. பெரியப்பா சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: கட்டுமானப் பொருள் தொழில்நுட்பம். சிவில் என்றதும் தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கும் மேற்பார்வையாளர்தான் நம் கண்முன் வருகிறார். ஆனால் அந்தக் கட்டடத்துக்குப் போகும் கலவையை முடிவு செய்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். மிக்ஸ் டிசைன் போடுவது, அதாவது எந்தப் பொருள் எவ்வளவு சேர வேண்டும் என்று கணக்கிடுவது, மணலையும் ஜல்லியையும் சோதிப்பது, "இந்த லோடு வேண்டாம், திருப்பி அனுப்பு" என்று சொல்வது எல்லாம் அவர் வேலை. கலவையைத் தயாரித்து லாரியில் அனுப்பும் ரெடிமிக்ஸ் பிளாண்ட், சோதனைக்கூடம், பேவர் பிளாக் எனும் நடைபாதைக் கல் தயாரிக்கும் இடம், ஆராய்ச்சி நிலையம், எங்கும் இவருக்கு இடம் உண்டு.

அவருடைய ஒரு நாளைப் பாருங்கள். லாரியில் கலவை வந்ததும் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள இரும்புக் கூம்பில் மூன்று அடுக்காக நிரப்புவார். ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்துவார். கூம்பை மெதுவாகத் தூக்கினால் கலவை எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார். இதுதான் ஸ்லம்ப் டெஸ்ட். செதில் செதிலாக நறுக்கிய பிளாஸ்டிக் கலந்திருந்தால் கலவை விறைப்பாகிவிடுவதுண்டு. அது இங்கேயே தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு பக்கமும் 150 மில்லிமீட்டர் உள்ள கியூப்கள் வார்ப்பார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8 கிலோ. தண்ணீரில் ஊறவைத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் இயந்திரத்தில் வைத்து நசுக்குவார். சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கும் சாதாரண கான்கிரீட் என்றால், அந்தச் சின்ன கியூப் உடைய 450 கிலோ நியூட்டன் வேண்டும். கிட்டத்தட்ட 45 டன் எடை. பிளாஸ்டிக் கலந்த கியூப் எத்தனையில் உடைந்தது, எப்படி உடைந்தது, விரிசல் எந்தப் பக்கம் ஓடியது என்று எழுதிவைப்பதுதான் ஆராய்ச்சியின் முதல் பக்கம். உங்கள் மகள் அதை ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டாள்.

இது விளையாட்டுத்தனமான ஆசை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2017இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில், காமா கதிர் பட்ட பாட்டில் பிளாஸ்டிக்கைத் தூளாக்கி, சிமெண்டோடும் சாம்பலோடும் சேர்த்தபோது, வழக்கமானதைவிட 15 சதவீதம் வரை வலுக்கூடியது. அதைச் செய்தவர்கள் இளநிலை மாணவர்கள். வேதியியலில் பிடிப்பு உள்ள பிள்ளைகளுக்கும் இங்கே கதவு உண்டு. சாலைக்கான சூடான ஜல்லிமேல் பிளாஸ்டிக்கைப் பூசி, அதன்பின் தார் கலக்கும் முறையைக் கொண்டுவந்து 2018இல் பத்மஸ்ரீ பெற்ற வாசுதேவன் வேதியியல் பேராசிரியர்தான்.

ஆனால் மகளிடமும் கறாராகவே பேசினேன். பிளாஸ்டிக் கலந்தால் பூமியைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வராதே அம்மா. உலகின் கரிம உமிழ்வில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. பிளாஸ்டிக் பெரும்பாலும் சிமெண்டின் இடத்துக்கு வருவதில்லை, மணலின் இடத்துக்குத்தான் வருகிறது. மணல் மிச்சமாகும், அது பெரிய விஷயம்தான். ஆனால் மணல் மிச்சமாவதும் உமிழ்வு குறைவதும் ஒன்றல்ல. பிளாஸ்டிக் கலந்த நடைபாதைக் கல் தேயும்போது நுண்துகள் வெளியே வருமா? நாளை இடிக்கும்போது அந்தக் கான்கிரீட்டை யார் பிரிப்பார்கள்? தூண், பீம் போன்ற பாரம் தாங்கும் இடங்களில் இதை நம்பி வைக்கலாமா? இந்தக் கேள்விகளோடு வாழத் தயார் என்றால் வா. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். இடைவெளி இல்லாமல் நெருக்கமாக இறுகிய கான்கிரீட்டில் சிக்கிய ஈரம் தீயின் சூட்டில் ஆவியாகி மேல்பரப்பை வெடிக்கவைக்கும், அதைத் தடுக்கத்தான் மெல்லிய பாலிபுரோப்பிலீன் இழைகளைக் கலக்கிறார்கள், அவை 160 டிகிரி வாக்கில் உருகி ஆவிக்கு வழிவிடும் என்றேன். பிளாஸ்டிக் உருகுவதே அங்கே நன்மையாகிறது. அவள் முகம் மலர்ந்ததை அப்பா பார்த்தார்.

இனி பணம். இதில் எனக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. "பசுமைக் கட்டுமானம்" என்று அழகான பெயர் வைத்து இரட்டிப்புக் கட்டணம் கேட்கும் படிப்பில் சேர்க்காதீர்கள். சாதாரண சிவில் பட்டமோ டிப்ளமோவோ போதும், கான்கிரீட் ஆய்வகம் உண்மையிலேயே இயங்குகிற கல்லூரியாக இருந்தால் சரி. சேர்க்கும் முன் அந்த ஆய்வகத்துக்குள் போய்ப் பாருங்கள். கியூப் வார்க்கும் அச்சில் காய்ந்த சிமெண்ட் ஒட்டியிருக்கிறதா, அல்லது வாங்கியபடியே பளபளக்கிறதா? பளபளத்தால் திரும்பி வந்துவிடுங்கள். நன்கொடை கேட்டாலும் அப்படியே. வீட்டை அடமானம் வைத்துப் பட்டியலின் முதல் கல்லூரியில் சேர்ப்பதைவிட, கடனே இல்லாமல் பத்தாவது கல்லூரியில் சேர்ப்பது அவளுக்கு நல்லது. இந்தத் துறையில் ஆரம்பச் சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். தலைமேல் கடன் இருந்தால் பிடித்த வேலையில் அவளால் நிலைக்க முடியாது.

"பொம்பளப் புள்ள சைட்ல எப்படி..." என்று அம்மா இழுத்தார். எட்டுக் கிலோ கியூபை அவள் தூக்குவாள் அம்மா, இந்தக் கட்டியைச் சுமந்து வந்தவள்தானே. பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அப்பா கேட்டார். படிக்கப்போவது அவரா என்று கேளுங்கள் என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது, ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். பிளாஸ்டிக் இல்லாமல் மூன்று, பட்டையைச் சொரசொரப்பாகத் தேய்த்துக் கலந்தவை மூன்று, ஆக ஆறு கட்டிகள் வார்த்துப் பக்கெட் தண்ணீரில் போட வேண்டும், வார்த்த தேதியை மூடியில் எழுதிவைக்க வேண்டும். 28ஆம் நாள் அவற்றை உடைக்கும்போது அப்பாவும் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.