இவருடைய கேஸில் நான் யார்?

கேள்வி: அக்கா, நாங்கள் கிளிநொச்சி. விசிட் விசாவில் கனடா வந்து நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் (14 வயது, 6 வயது) அகதிக் கோரிக்கை கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதக் கடைசியில் ஹியரிங். இவரை சி.ஐ.டி. கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தது, அதுதான் கேஸ். எனக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. காணாமல்போன அண்ணனுக்காக அம்மாவோடு கந்தசுவாமி கோவிலடிப் பந்தலில் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். பிடித்தது ஆனி மாதம் என்று இவர் கோரிக்கைப் பாரத்தில் எழுதியிருக்கிறார். எனக்கு நல்லூர்த் திருவிழா நேரம் என்றுதான் ஞாபகம். தெரிந்த ஒருவர், "நீங்களும் ஆனி என்றே சொல்லுங்கோ, உங்களையும் அடித்தது என்று சேர்த்தால் கேஸ் பலமாகும்" என்கிறார். ஒருவருக்கு இல்லையென்றால் எல்லாருக்கும் இல்லையா?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: தங்கச்சி, கடிதத்தில் இருந்த பெரிய விஷயத்தை "அவ்வளவுதான்" என்று தள்ளிவிட்டுப் போய்விட்டீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் கடைசிக் கேள்வி.

குடும்பமாகக் கொடுத்த கோரிக்கைகளைக் குடிவரவு அகதிகள் சபை ஒன்றாகச் சேர்த்துத்தான் கேட்கும். ஆனால் முடிவு ஆளுக்கொன்று. புருஷன் அகதி என்றால் பெண்சாதியும் அகதி என்று கனடாச் சட்டத்தில் கிடையாது. திரும்பிப் போனால் தனக்கு என்ன நடக்கும் என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். அவருக்குக் கிடைத்து உங்களுக்கு இல்லாமல் போகலாம், மறுவளமாகவும் நடக்கலாம். அதற்காகப் பதற வேண்டாம். ஒருவருக்குக் கிடைத்தாலே, அவர் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது துணையையும் பிள்ளைகளையும் அதிலேயே சேர்க்கலாம்.

இனி அந்தப் பந்தல். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய போராட்டம் அது. அங்கே போய் இருப்பவர்களைப் புலனாய்வுக்காரர் படம் எடுப்பதும், வீடு தேடி வந்து விசாரிப்பதும் ஐ.நா. அறிக்கைகள் வரைக்கும் போன சங்கதி. உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தார்களா? இவரை வைத்திருந்த இரண்டு நாளில் உங்கள் அண்ணனைப் பற்றிக் கேட்டார்களா? "நான் அரசியல் பேசவில்லையே" என்று நினைக்காதீர்கள். நீங்கள் பேசாவிட்டாலும், இவள் இன்ன பக்கம் என்று அவர்கள் நினைத்து உங்களைத் துன்புறுத்தக்கூடும் என்றால், அதுவும் அரசியல் கருத்துக் காரணமாக வரும் ஆபத்துத்தான். நடக்கும் என்று நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் நிரூபிக்கவும் தேவையில்லை. வெறும் பயமாக இல்லாமல், நடக்கக்கூடிய கணிசமான சாத்தியம் இருந்தால் போதும்.

செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, மனித உரிமை ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம், அண்ணனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பந்தலில் இருக்கும் போட்டோ, அவருக்குப் பக்கத்தில் நீங்கள். இதெல்லாம் அம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டாயம் இருக்கும். எடுப்பியுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ இருப்பவற்றை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியோடு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகச் சபைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

சரி, அவர் எழுதிய ஆனியா, நல்லூர்த் திருவிழா வரும் ஆவணியா? நான் பல வருடம் இந்த விசாரணைகளில் மொழிபெயர்த்தவள். புருஷனும் பெண்சாதியும் ஒரே வசனத்தை ஒரே ஒழுங்கில் ஒப்புவிப்பதைக் கேட்டிருக்கிறேன். "பின்னேரம் நாலு மணி, வெள்ளை வான், மூன்று பேர்." அதுவரை எழுதிக்கொண்டிருந்த உறுப்பினர் (நம்மவர் வாயில் 'ஜட்ஜ்') பேனையை வைத்துவிட்டு, "அப்போது நீங்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்பார். அதைப் பாடமாக்கியிருக்க மாட்டார்கள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதோடு சரி.

உங்கள் ஞாபகத்தை அவருடையதோடு ஒட்ட வைக்காதீர்கள். அவரோடு இருந்து ஆறுதலாகக் கேளுங்கள். மாதம் பிசகியிருக்கலாம். இரண்டு தடவை கொண்டுபோயிருக்கவும் கூடும். வவுனியாவுக்கு வேலையாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, முதல் தடவையை வீட்டில் மூச்சே விடாத ஆண்களை எனக்குத் தெரியும். பாரத்தில்தான் பிழை என்றால் திருத்தலாம். திருத்திய பக்கத்தில் மாற்றியதற்குக் கீழே கோடு போட்டு, கையொப்பமும் தேதியும் இட்டு, உறுதிமொழியோடு அதே 10 நாள் கணக்குக்குள் லோயர் மூலமாகக் கொடுங்கள். ஏன் மாறியது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அடித்ததாகச் சேர்க்கச் சொன்னவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சத்தியம் செய்து சொல்வதை, சந்தேகப்பட காரணம் இல்லாவிட்டால் உண்மையென்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1979-இலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. அந்தக் காரணத்தை நாமே கொண்டுபோய்க் கொடுப்பதா? நம்பத்தகுந்த அடிப்படையே இல்லை என்று எழுதிவிட்டால் அகதி மேல்முறையீட்டுப் பிரிவுக்கும் போக முடியாது. பொய் பல வருடம் கழித்துத் தெரியவந்தாலும், கொடுத்த பாதுகாப்பைத் திரும்ப எடுப்பார்கள்.

ஆனால் உண்மையிலேயே உங்களுக்கு ஏதும் நடந்து, அதைக் கணவர் முன்னால் சொல்ல முடியாமல் இருந்தால், லோயரைத் தனியாகச் சந்தியுங்கள். கணவர் இல்லாத நேரம் சாட்சி சொல்லவும், பெண் உறுப்பினரும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று கேட்கவும் வழி இருக்கிறது.

"கொழும்பில் போய் இருந்திருக்கலாமே?" என்ற கேள்வி பெரும்பாலும் வரும். இதில் இன்றைக்கும் எடுத்துக்காட்டும் தீர்ப்புகள் 1990களில் ஈழத்தமிழர் வழக்குகளில் வந்தவை. அப்படிச் சொல்லி மறுப்பதென்றால், அங்கே ஆபத்து இல்லாமல் இருக்க வேண்டும், அங்கே போய் வாழச் சொல்வது நியாயமாகவும் இருக்க வேண்டும். குகையிலும் காட்டிலும் ஒளிந்திரு என்று யாரும் சொல்ல முடியாது என்று நீதிபதி எழுதியிருக்கிறார். கொழும்பில் பதிவு, வாடகை, பொலிஸ் என்று உங்களுக்குத் தெரிந்ததை யோசித்து வையுங்கள்.

பிள்ளைகளுக்கு 18 ஆகாததால் வழக்கமாகத் தாயோ தகப்பனோதான் அவர்கள் சார்பில் நிற்பார். மூத்தவளைக் கேட்டாலும் கேட்கலாம், அவளுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லட்டும். அறைக்குள் வெளியார் யாரும் வர முடியாது என்றும் அவளுக்குச் சொல்லி வையுங்கள்.

லோயரிடம் இந்தக் கிழமையே ஒரு நேரம் எடுங்கள். அதற்கு முதல், இன்றிரவு சாப்பிட்டு முடிந்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணி அந்தப் பையைப் பற்றிக் கேளுங்கள். அங்கே அப்போது விடிந்திருக்கும்.