பெற்றோருக்குக் கடிதம் எழுதுமுன் ஒரு நல்ல டாக்டரைத் தேடி வையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 27. சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். அப்பா சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டுகிறார். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். எனக்கு ஆண்கள்மீது மட்டுமே ஈர்ப்பு உண்டு. திருப்பூரில் இருக்கும் அக்காவுக்கு மட்டும் இது தெரியும். தைக்குள் பெண் பார்த்துவிட வேண்டுமென்று வீட்டில் என் ஜாதகத்தைத் தரகரிடம் கொடுத்துவிட்டார்கள். நேரில் சொல்ல வாய் வராததால் பதினொரு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அதில் மூன்று பக்கம் என் நண்பரைப் பற்றியது. முதல் பக்கத்தை இத்துடன் வைத்துள்ளேன். இதைத் தபாலில் அனுப்பலாமா?

பதில்: கடிதமாக எழுதுவதில் தவறில்லை. நேரில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே அம்மா அழத் தொடங்கிவிடுவார், அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார், நீங்கள் சொல்ல நினைத்த மூன்றாவது வாக்கியத்தைக் கேட்க அங்கே ஆள் இருக்காது. கடிதமென்றால் அழுது முடித்த பிறகும் அலமாரியில் இருக்கும். மனம் கொஞ்சம் ஆறியதும் மறுபடி எடுத்துப் படிக்கலாம். ஆகவே எழுதுங்கள். ஆனால் இப்போது எழுதி வைத்திருப்பதை அனுப்ப வேண்டாம்.

உங்கள் முதல் பக்கம் இப்படித் தொடங்குகிறது: "அம்மா, அப்பா, என்னை மன்னித்துவிடுங்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைக்கும்போது நான் உங்களிடமிருந்து வெகு தொலைவுக்குப் போயிருப்பேன்." நீங்கள் மனத்தளவில் விலகிப்போவதைச் சொல்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. இந்த இரண்டு வரியைப் படிக்கும் எந்தத் தகப்பனாரும் அடுத்த வரிக்குப் போகமாட்டார். மகன் உயிரை மாய்த்துக்கொண்டான் என்று எண்ணி உங்கள் அறை நண்பருக்குப் போன் போடுவார். (இதை எழுதியபோது உங்கள் மனத்தில் அப்படி ஓர் எண்ணமும் இருந்திருந்தால், கடிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இப்போதே 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.) நம் பழைய கடிதங்களில் எல்லோரும் கேலி செய்யும் "நலம், நலமறிய ஆவல்" என்ற தொடக்கம் இந்த இடத்தில்தான் உண்மையாகவே பயன்படும். உடம்பு நன்றாக இருக்கிறது, வேலை நன்றாகப் போகிறது, வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன் என்று எழுதிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வாருங்கள். "மன்னிப்பு" என்ற சொல் கடிதத்தில் எங்குமே வேண்டாம். நீங்கள் தவறு ஒன்றும் செய்யவில்லை என்பது ஒருபுறம் இருக்க, மகனே மன்னிப்புக் கேட்டால் அவன் திருந்தத் தயாராக இருக்கிறான் என்று பெற்றோர் அர்த்தம் செய்துகொள்வார்கள்.

பதினொரு பக்கம் இரண்டு பக்கமாகக் குறைய வேண்டும். நண்பரைப் பற்றிய மூன்று பக்கத்தை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். அவருடைய பெயர், ஊர், வேலை எதுவும் வேண்டாம். காரணம் எளியது. பெற்றோருக்கு அன்றிரவே ஒரு குற்றவாளி தேவைப்படும். பெயர் கிடைத்தால் "அவன்தான் நம் பிள்ளையைக் கெடுத்துவிட்டான்" என்று பேச்சு முடிந்துவிடும்; உறவினர் ஒருவர் காவல் நிலையம்வரை போய்வரவும் கூடும். நண்பரை அறிமுகப்படுத்த வேறொரு நாள் வரும்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கடிதத்தில் "ஓரினச்சேர்க்கை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில் "சேர்க்கை" மட்டும்தான் கண்ணில் படும்; படிப்பவரின் மனம் நேரே படுக்கையறைக்குப் போய்விடும். இப்போது மரியாதையாக வழங்கும் சொல் "தன்பாலீர்ப்பு". ஆனால் உங்கள் பெற்றோருக்கு அந்தச் சொல்லும் தெரிந்திருக்காது. எனவே, "எனக்கு எந்தப் பெண்ணின்மேலும் கல்யாணம் செய்துகொள்ளும் ஆசை ஒருநாளும் வந்ததில்லை, எனக்கு வருகிற ஆசை ஆண்கள்மேல்தான், விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான்" என்று பச்சைத் தமிழில் எழுதுங்கள். நீங்கள் பெண்ணாக மாறப்போகிறீர்கள் என்று அம்மா எண்ணிவிடாமலிருக்க, "நான் ஆண்தான், ஆணாகவேதான் இருப்பேன்" என்று ஒரு வரியும் சேருங்கள். "ஆகவே பெண் பார்க்க வேண்டாம், தரகரிடமிருந்து ஜாதகத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள்" என்பதைத் தனிப் பத்தியாக, சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். கல்யாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தரகர் சொல்வார். அவருக்குக் கமிஷன் போய்விடுமே என்ற கவலை. அதையே என் மருத்துவத் துறையைச் சேர்ந்த சிலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன்; அவர்களுக்கு என்ன கவலை என்று எனக்கு விளங்கவில்லை. வந்து சேரும் அந்தப் பெண்ணின் வாழ்க்கையை இருவருமே கணக்கில் எடுப்பதில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கடிதத்தைப் படித்து முடித்ததும் உங்கள் அப்பா கேட்கப்போகும் முதல் கேள்வி, "இதற்கு எந்த டாக்டரைப் பார்ப்பது?" என்பதாகவே இருக்கும். பதில் தெரியாவிட்டால் அவர் ஊரில் யாரிடமாவது கேட்பார். பதில் சொல்லக் காத்திருப்பவர்கள் ஏராளம். மாதம் ஒரு தேதியில் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள லாட்ஜில் அறை எடுத்துத் தங்கும் "பரம்பரை வைத்தியர்", மனோதத்துவ நிபுணர் என்று பலகை மாட்டிக்கொண்டு ஹிப்னாடிசம் செய்பவர், பரிகாரம் சொல்லும் ஜோதிடர், அவர்களிடம் ஆள் பிடித்துக் கொடுத்து ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும் "தெரிந்தவர்" என்று வரிசை நீளும். ஒரு தகப்பனார் மஞ்சள் பை நிறைய ரசீதுகளோடு என்னிடம் வந்தார். ஹார்மோன் ஊசி, தூக்க மாத்திரை, "மூளைக்குக் கரண்ட்" என்று எட்டு மாதம் போயிருந்தது. மனைவியின் சங்கிலியும் அடகுக்குப் போயிருந்தது. பையன் முன்பு எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான், தூக்கம் மட்டும் போய்விட்டது.

உலக சுகாதார நிறுவனம் 1990-ஆம் ஆண்டிலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இது நோயல்ல என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018-இல் வெளிப்படையாகச் சொன்னது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படி "மாற்றித் தரும்" சிகிச்சைகளைத் தடைசெய்ய வேண்டும் என்றும், அதில் ஈடுபடுவோர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்து எல்லா மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கும் கடிதம் அனுப்பியது. அதோடு எல்லோருக்கும் கடமை முடிந்துவிட்டது போலிருக்கிறது. புகார் கொடுக்க வேண்டியவர் யார்? பெற்றோர் கையைப் பிடித்து அழைத்துப்போன அந்தப் பிள்ளைதான். அவர் தம் பெயரையும் தம் பெற்றோரின் பெயரையும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அலைய வேண்டும். அவ்வளவும் செய்தாலும் கவுன்சிலால் தண்டிக்க முடிவது தன்னிடம் பதிவு செய்துகொண்ட மருத்துவரை மட்டுமே. லாட்ஜ் வைத்தியருக்குப் பதிவே கிடையாது. இல்லாத பதிவை யார் ரத்து செய்வது?

ஆகவே அரசாங்கத்தை நம்பிக்கொண்டிராமல், அப்பா தேடப்போகும் டாக்டரை நீங்களே முந்திக்கொண்டு தேடிவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, ஊருக்குப் பக்கத்தில் முறையாகப் படித்த மனநல மருத்துவர் ஒருவரிடமோ நீங்கள் முதலில் தனியாகப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பெற்றோர் வந்து இவனை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?" "இதில் மாற்ற ஒன்றுமில்லை, அவர்களுக்கு நான் எடுத்துச் சொல்கிறேன்" என்றால் அவருடைய பெயரையும் பார்க்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். "முயற்சி பண்ணிப் பார்க்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள், சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும் சரி. கடிதத்தின் கடைசிப் பத்தியில் அந்த நல்ல டாக்டரின் பெயரை எழுதி, "டாக்டரிடம் கேட்க வேண்டுமென்றால் இவரிடம் கேளுங்கள், நானும் கூட வருகிறேன், வேறு யாரிடமும் வரமாட்டேன்" என்று முடியுங்கள்.

போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயமும் அப்பாவுக்கு இருக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று இது குற்றமில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். தீர்ப்பின் பக்கங்களை நகலெடுத்துச் சேர்க்க வேண்டாம். வாதத்துக்கு வந்ததாக அவர் எடுத்துக்கொள்வார்.

உங்கள் வீட்டில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் எழுதுவது அவர் கண்ணுக்கு அல்ல, காதுக்கு. யார் குரலில் அவர் அதைக் கேட்கப்போகிறார்? அப்பா படித்துக் காட்டினால், தமக்கு வாயில் வராத வரிகளைத் தாண்டிவிடுவார், இடையில் இரண்டு வசவுகளையும் சேர்ப்பார். அவர் லாரியோடு வெளியூரில் இருந்தால் அம்மா பக்கத்து வீட்டில் டியூஷன் எடுக்கும் பெண்ணிடம் கொடுத்து "என்ன எழுதியிருக்கான், படி" என்பார். அத்தோடு தெருவுக்கே தெரிந்துவிடும். குரலைப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று தோன்றும். அது மாலைக்குள் சித்தப்பாவின் போனில் இருக்கும். உங்கள் அக்காவுக்கு விஷயம் தெரியும் என்பது பெரிய பலம். அவர்தான் படித்துக்காட்ட வேண்டும், அவருடைய கணவர் அல்ல. அதற்கு முன்னால் ஒரு நாள் அக்காவைக் கடிதத்தை முழுவதும் போனில் உங்களுக்கே வாய்விட்டுப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவருக்கு நா தடுமாறுகிறதோ அந்த வாக்கியம் நீளம் என்று பொருள், உடைத்து இரண்டாக்குங்கள். எந்த இடத்தில் அவர் அழுகிறாரோ, அந்த இடத்துக்கு அடுத்து ஒரு சாதாரண வரியை வையுங்கள்.

தபாலில் அனுப்ப வேண்டாம். சாதாரணத் தபால் யார் கையிலும் சிக்கலாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் உறை வந்தாலே வீட்டில் வக்கீல் நோட்டீஸ் என்றுதான் பயப்படுவார்கள். பதிவுத் தபாலை 2025-இல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்ட பிறகும் அந்தப் பயம் இணைந்தே இருக்கிறது. அப்பா ஊரில் இருக்கும் ஒரு சனிக்கிழமை, அக்காவும் வந்திருக்கும்போது, உங்கள் கையாலேயே கொடுத்துவிட்டு அன்றிரவு பக்கத்து ஊரில் வேறொரு நண்பர் வீட்டில் தங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை போனில் அக்காவிடம் நிலைமையைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். சென்னைக்குத் திரும்பும் டிக்கெட்டும் சான்றிதழ்களும் ஆதார் அட்டையும் உங்களிடமே இருக்கட்டும். பெற்றோரின் பணத்தில் படித்துக்கொண்டு அவர்கள் வீட்டிலேயே இருப்பவர்களுக்கு இந்த யோசனை எதுவும் பொருந்தாது. அவர்கள் வேலைக்குப் போன பிறகு எழுதலாம்.

பதில் கடிதம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் அப்பா கடைசியாகக் கடிதம் எழுதியது எந்த ஆண்டு என்று அவருக்கே நினைவிருக்காது. நீங்கள் வழக்கமாக எந்த நேரத்தில் போன் செய்வீர்களோ அதே நேரத்தில் நாள்தோறும் செய்யுங்கள், எடுக்காவிட்டாலும் சரி. என்றைக்காவது எடுத்து, கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் லாரிக்குப் பின்டயர் மாற்றியதையும் அதன் விலையையும் சொன்னால், எந்தக் கடையில் வாங்கினார் என்று கேளுங்கள்.