சுவரில் மலேரியா மருந்து அடித்த வீட்டிலும் கொசு கடிக்கத்தானே செய்தது, பிறகு எதற்கு அடித்தார்கள்?

கேட்டவர் சேலத்துக்காரர். தாத்தா காலத்தில் வீட்டுக்குள் சுவரெல்லாம் டிடிடி என்ற பூச்சிமருந்தை அடித்தார்களாம், அன்று இரவே கொசு கடித்ததாம். அதனால் என்ன பயன், நகரத்தில் ஏன் அப்படி அடிப்பதில்லை என்று கேட்டிருக்கிறார்.

சேர்வராயன் மலை அடிவாரக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதே கேள்விக்குப் பல திண்ணைகளில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறேன்.

அந்த மருந்து உங்களைக் கொசு கடிக்காமல் காப்பதற்கானதல்ல. கடித்த கொசுவைக் கொல்வதற்கானது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் பெண்கொசு வயிறு முட்ட ரத்தம் குடித்ததும் பாரம் தாங்காமல் பக்கத்துச் சுவரில் போய் உட்காரும். மலேரியா வந்தவரின் ரத்தத்தோடு அதன் உடம்புக்குள் போன கிருமி முற்றி, அடுத்தவருக்குப் பரவும் நிலைக்கு வர ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் அது இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ரத்தம் தேடி வந்தாக வேண்டும், ஒவ்வொரு முறையும் எங்காவது உட்கார்ந்தாக வேண்டும். உட்காரும் சுவர்களில் ஒன்றில் மருந்து இருந்தாலும் அது பத்தாம் நாளைப் பார்க்காது. ஆகவே உங்கள் வீட்டுச் சுவரில் அடித்த மருந்து பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றுகிறது, அவர்கள் சுவர் உங்கள் குழந்தையை. ஊரில் பாதி வீடுகள் மட்டும் கதவு திறந்தால் இது பலிக்காது. 100 வீட்டில் 85 வீட்டுக்காவது அடிக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

1930களில் பட்டுக்கோட்டைப் பகுதியில் பைரெத்ரம் என்ற பூவிலிருந்து எடுத்த பூச்சிமருந்தைத் தெளித்துக் கொசுவைக் கொன்று பார்த்தார்கள். பலன் தெரிந்தது. ஆனால் அது அப்போது பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். டிடிடி பூச்சியைக் கொல்லும் என்று 1939இல் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் பால் முல்லர் கண்டுபிடித்ததும் நிலைமை மாறியது. ஒரு சதுர மீட்டர் சுவருக்கு ஒரு கிராம் படிந்தால் போதும், மாதக்கணக்கில் வீரியம் நிற்கும். 1947இல் இந்தியாவில் ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்பது மதிப்பீடு. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1965 வாக்கில் நோயாளிகள் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கினார்கள். மருந்தடித்த அந்தத் தொழிலாளர்களுக்கு எங்கும் சிலை இல்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

பிறகு கொசு டிடிடிக்குப் பழகிக்கொண்டது, வேலையிலும் தொய்வு விழுந்தது. 1976இல் நோயாளிகள் 64 லட்சத்தைத் தாண்டினார்கள். அதற்குப் பதிலாக மாலத்தியான் என்ற பூச்சிமருந்து வந்தது, பின்னால் டெல்டாமெத்ரின் போன்றவை வந்தன.

மக்களின் மனமும் மாறியது, அதைச் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் டிடிடியை வரவேற்றதற்குப் பெரிய காரணம் மூட்டைப்பூச்சி. கயிற்றுக் கட்டிலில் நிம்மதியாகத் தூங்கினார்கள். மூட்டைப்பூச்சியும் மருந்துக்கு அசராமல் போனதும், “இதால என்ன லாபம்?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மாலத்தியான் நாற்றம் வேறு. “சாமி ரூமுல வேண்டாம் கண்ணு, சமையக்கட்டுல வேண்டாம்” என்பார்கள். கடைசியில் வாசல் திண்ணை மட்டும் மிஞ்சும். கொசு உட்காருவதோ உள்ளே, இருட்டான மூலையில். அடித்த மறுவாரமே பண்டிகைக்கு வெள்ளையடிப்பார்கள், மண்சுவரைச் சாணி போட்டு மெழுகுவார்கள். மருந்து சுண்ணாம்புக்கு அடியில் போய்விடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது அவர்கள் கௌரவம். ஏன் அடிக்கிறோம் என்பதை உட்கார்ந்து விளக்கிய வீடுகளில் வெள்ளையடிப்பதைத் தள்ளிப்போட்டார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

சேலம் நகரத்துக்கு வருவோம். கிராமத்தில் மலேரியாவைப் பரப்புவது பெரும்பாலும் வாய்க்காலிலும் தேங்கிய மழைநீரிலும் பெருகும் அனாபிலஸ் கியூலிசிஃபேசிஸ். நகரத்தில் வேறு இனம், அனாபிலஸ் ஸ்டீஃபன்சி. கிணறு, மாடித் தொட்டி, கட்டட வேலைக்குப் பிடித்து வைத்த நீர் என்று நல்ல தண்ணீரிலேயே முட்டையிடும். பெயின்ட் பூசி, டைல்ஸ் ஒட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளில் மருந்தடிப்பது நடக்கிற காரியமும் அல்ல. அதனால் நகரத்தில் புழுவாக இருக்கும்போதே அழிப்பதுதான் முறை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவும் வீட்டுத் தண்ணீரில்தான் வளர்கிறது என்பதால் ஒரே வேலையில் இரண்டுக்கும் வழி பிறக்கும். சேலத்தின் குகைப் பகுதியிலோ அம்மாப்பேட்டையிலோ பழைய வீட்டுக் கிணறு இருந்தால் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடுங்கள், அல்லது கொசு நுழையாத வலை போட்டு மூடுங்கள். மாடித் தொட்டியின் மூடி உடைந்திருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

ஒடிசா, சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களின் காட்டுப் பகுதிகளுக்குப் போய்வந்த பிறகு குளிர்காய்ச்சல் வந்தால் அந்தப் பயணத்தை மருத்துவரிடம் சொல்லி, அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வைவாக்ஸ் வகை மலேரியா என்றால் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் காய்ச்சலைக் கொண்டுவரும். ஈரலில் ஒளிந்த கிருமியைக் கொல்லத்தான் பிரைமாகுயின் மாத்திரை. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள்.