கெத் நோடு 403 தந்தால் விஹோஸ்ட்ஸைப் பாருங்கள்

கன்டெய்னரில் ஓடும் கெத்தை (எத்தீரியம் நோடை இயக்கும் மென்பொருள்), முன்னால் நின்று அழைப்புகளைக் கடத்தும் என்ஜின்எக்ஸ் வழியாகக் கூப்பிட்டால் 403 என்ற மறுப்பு வருகிறது, காரைக்குடி வீட்டு வைஃபையில் மட்டும் வேலை செய்தது என்று கேட்டிருந்தீர்கள். கெத்தை ஓட்டும் கட்டளை வரியில் எச்டிடிபி.விஹோஸ்ட்ஸ் என்ற அமைப்பில் (எந்தப் பெயர்களில் வரும் அழைப்பை ஏற்கலாம் என்ற பட்டியல்) உங்கள் கன்டெய்னர் பெயரைச் சேருங்கள். ‘இன்வேலிட் ஹோஸ்ட்’ என்ற 403 போய்விடும்.

என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி முகவரியாக கன்டெய்னர் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள். ஹோஸ்ட் தலைப்பை (எந்தப் பெயரைக் கூப்பிடுகிறோம் என்று அழைப்பில் சொல்லும் வரி) மாற்றாவிட்டால் அந்தப் பெயர்தான் கெத்துக்குப் போகும். அதுவோ இயல்பில் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரை மட்டும் ஏற்கும். நம்மூர் வீட்டு முகப்பில் ‘எந்த ஊர், யார் வீடு’ என்று விசாரிப்பார்களே, அந்த மாதிரி. வெறும் ஐபி எண்ணில் கூப்பிட்டால் விட்டுவிடும். காரைக்குடி வீட்டு வைஃபையில் உங்களுக்கு வேலை செய்தது அதனால்தான்.

சந்தேகமிருந்தால் என்ஜின்எக்ஸ் கன்டெய்னருக்குள்ளிருந்து, ஹோஸ்ட் தலைப்பில் லோக்கல்ஹோஸ்ட் வைத்து கர்ல் கட்டளையால் கெத்துக்கு ஓர் அழைப்பு அனுப்புங்கள். 403 வராவிட்டால் இதேதான்.

சோம்பல்பட்டு அந்தப் பட்டியலில் எல்லாப் பெயரையும் ஏற்கும் நட்சத்திரக் குறி போடாதீர்கள். விஹோஸ்ட்ஸ் கடவுச்சொல் அல்ல, கெத் இந்த அழைப்புகளை வாங்கும் 8545 போர்ட்டை வெளியே திறக்கவே வேண்டாம். அப்புறம், மற்ற நோடுகளோடு பேசும் 30303 போர்ட்டை என்ஜின்எக்ஸ் வழியாக விடாமல் டிசிபி, யுடிபி இரண்டிலும் நேராகத் திறங்கள்.